பதினேழாம் விளக்கு

மணி பன்னிரண்டு... ராத்திரி இல்லை, பட்டப்பகல். சிரிக்காதீர்கள். என் நண்பனுடைய மைத்துனருக்கு நடந்தது. ஏரியைச் சுற்றிப் போகும் நடைபாதை. ஈ காக்கை இல்லை. அவர் தோளில் ஏணி, கையில் நோட்டு.

அங்கே இருக்கும் சோலார் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் அவர். இருட்டினால் அவை தானாக எரியும். பகலில் சோதிக்க, மேலே இருக்கும் பேனலைக் கையால் மூடினால் போதும். ராத்திரி என்று ஏமாந்து எரிந்துவிடும். நோட்டில் ‘எரிகிறது’ என்று எழுதிவிட்டு நடையைக் கட்டலாம்.

பதினேழாம் விளக்கு பெரிய மரத்தடியில். வெயிலே படாது. மூடினால் இரண்டு நிமிடம் எரியும், ராத்திரிக்குத் தாங்காது. வேலை முடிந்து அந்த வழியாக வீட்டுக்குப் போகும் நர்ஸ் ஒருத்தி மூன்று முறை வந்து சொன்னாள்.

“அண்ணே, ஒரே ஒரு தடவ இருட்டினப்புறம் வந்து பாருங்களேன்.”

“நோட்டுல எரியுதும்மா.”

நான்காவது முறை சொல்ல அவள் இல்லை. அந்த விளக்கடி வளைவில்தான் இருட்டில் சறுக்கி... கீழே பாறை.

கண் மண் தெரியாமல் ஓடி விழுந்தாள் என்று ஊர் பேசியது. அவள் அம்மா அலுவலகப் படியேறிக் கேட்டது ஒரே ஒரு வரி: விளக்கு எரியவில்லை என்று எழுதிக் கொடுங்கள். எஞ்சினியர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். இவர் பக்கத்தில் வாயே திறக்காமல் நின்றார். சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது!

சரி... அந்தப் பகலுக்கு வருவோம். பதினாறை முடித்துத் திரும்புகிறார். பதினேழு எரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பட்டப்பகல் வெளிச்சத்தில்!

குப்பென்று ஆஸ்பத்திரி வாசனை. ஏணியைச் சாய்த்து ஏறினார். கிரீச்... கிரீச்... பேனல்மேல் ஓர் இலைகூட இல்லை. தொட்டார். ஜில்லென்றிருந்தது. கையை எடுக்கப் பார்த்தார்... முடியவில்லை. அவர் கைமேல் இன்னொரு கை.

“இப்ப எரியுதுல்ல அண்ணே? எழுதிக்கோங்க.”

ஏணியோடு விழுந்தார். முறிந்த கால் மூன்று மாதத்தில் கூடிவிட்டது. அந்த ஒரு வரியை மட்டும் அந்த ஆள் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. என் நண்பன் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட்டான்.

“வேலை போயிடும் மாப்ள.”

வேலையைக் கட்டிக்கொண்டு அழட்டும். இப்போது பகலில் அவர் நடந்தால் தலைக்கு மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. இருட்டிய பிறகு நடந்தால்... ஒவ்வொன்றாக அணைகின்றன.

அவர் வீட்டுக்கும் அந்த வளைவு வழியாகத்தான் போக வேண்டும்.