சளிக்குச் சிபாரிசு

அரியாங்குப்பம் டெம்போவில் மூக்கை உறிஞ்சியபடி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் தொற்றிக்கொள்ளுமென்று தள்ளி உட்கார்ந்தேன். எதிரில் இருந்த அவர் மனைவி வாயைத் திறந்ததும், பேச்சைக் கேட்க வெட்கமில்லாமல் மறுபடி ஒட்டிக்கொண்டேன்.

“சளி இருக்கட்டும்னு டாக்டர் சொன்னாரா? இல்ல, ஆஸ்பத்திரிக்கே போவாம நீயா சொல்றியா?”

“அவருதாம்மே சொன்னாரு. தண்ணி டேங்க்குல வழவழன்னு பாசி புடிக்குதில்ல, அப்படித்தான் கிருமியும் மூக்குக்குள்ள கூட்டமா ஒட்டிக்குமாம். ஒட்டவுடாம தடுக்கறதே சளிதானாம்.”

“அப்ப கடையில வாங்கித் திங்கறியே, சளி காயற மாத்திர?”

“அதாலதான் அடிக்கடி மூஞ்சி வீங்குதாம். இன்னும் காயவச்சா ஆபரேஷன்ல போயி முடியுமாம்.”

“சளிக்கு சிபாரிசு பண்ற டாக்டர இப்பத்தான்யா கேள்விப்படறேன். அவரு மேல எனக்கு சந்தேகம்தான்.”

அப்படியானால் மாத்திரை தின்னலாமென்று கணவர் நிம்மதியாகச் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். அந்தம்மா அதைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இது மேலயும்தான் சந்தேகம். இதத் தின்னு நீ சொகமானத நான் பாக்கல. நாளைக்கு நானும் வர்றேன், அந்த டாக்டரு எம் மூஞ்சப் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் மூக்கு ஒழுவட்டும்.”