நீல அறை மணி

வெதர்லி மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்று. அடுத்தது, பேய் எங்கே என்று. இரண்டுக்கும் வழிகாட்டியவள் நான்தான், ஐயா.

நீல அறைக்குள் ஜன்னலே இல்லாத உடைமாற்றும் அறை ஒன்று உண்டு. அந்தக் காலத்துச் சீமாட்டி வேலைக்காரி ஆலிஸை அதில் வைத்துப் பூட்டினாளாம். வேலைக்காரர்களைக் கூப்பிட அறையில் கயிற்றை இழுத்தால், கம்பி வழியாகக் கீழே சமையற்கட்டில் மணி அடிக்கும். ஆலிஸ் அந்த மணிக்கயிற்றை இழுத்து இழுத்தே செத்தாளாம். சமையற்கட்டில் அந்த மணி இன்னமும் அடிக்குமாம். இதைக் கேட்கப் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். ஊரின் தேநீர்க்கடையும் மதுக்கடையும் பிழைத்தது இதனால்தான். பாதிரியார்கூட என்னைக் கண்டால் தொப்பியை எடுப்பார்.

பிறகு வினிஃப்ரெட் எங்கள் ஊருக்குக் குடிவந்தாள், மாளிகை வேலைக்கும் கைகொடுத்தாள். கல்லறைக் கற்களைப் படிப்பது அவள் பொழுதுபோக்கு. நான் உயிரோடிருப்பவர்களோடு நிறுத்திக்கொள்வேன்.

"எடித், உன் ஆலிஸ் பக்கத்து ஊர்க் கல்லறையில இருக்கா. பேரன் பேத்தி எடுத்து, தொண்ணூறு வயசுல போயிருக்கா. ஏம்மா இப்படிப் புளுகினே? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லாருக்கும் சொல்லத்தான் போறேன்."

குளிர்காலத்துக்கு மாளிகையை மூடும் நாள் அது. மேசை நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி போர்த்தி வீட்டைத் தூங்கவைப்போம், வசந்தத்தில்தான் எழுப்புவோம். அவள் அந்த உள்ளறையில் அலமாரிக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தாள். கதவுகளைப் பூட்டுவது என் பொறுப்பு. பூட்டினேன்.

கீழே சமையற்கட்டில் எல்லாரும் தேநீர் குடிக்கையில் மணி அடித்தது. தோட்டக்காரர் ஹூபர்ட், "எடித், ஆலிஸுக்கும் டீ வேணுமாம். சர்க்கரை போடணுமான்னு கேட்டுட்டு வா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

"வினிஃப்ரெட் எங்க?" என்றார் ஹூபர்ட்.

"அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டா. குளிர் முடிஞ்சுதான் வருவாளாம்" என்றேன்.

மற்றவர்கள் போனதும், ஆணியில் தொங்கிய அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நல்ல கம்பளி.

மணி எல்லார் காதிலும்தான் விழுந்தது. என் காதில் மட்டுமா?

வசந்தத்தில் கதவைத் திறந்தார்கள். மணிக்கம்பியை உங்கள் போலீஸ் ஆட்கள் அறுத்து எடுத்துப்போனதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனாலும் நான் தேநீர் ஊற்றும்போதெல்லாம் அடிக்கிறது, இதோ, இப்போதும்.

பூட்டியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த அறையில் ஒருத்தி மணிக்கயிற்றை இழுத்து இழுத்தே செத்தாள் என்று ஊருக்குச் சொன்னேனே, அதில் பொய் எங்கே இருக்கிறது? காட்டுங்கள் பார்ப்போம்.