தாம்பாளத்தில் ஐந்து பொருட்கள்

காலையில் பல் துலக்காமல் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அது ஒரு குற்றமில்லை என்று நினைக்கிறேன், அய்யா.

என் மனைவி வெற்றிச்செல்வி அரியலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிறவன். நான் எந்தத் தேதியைச் சொன்னாலும் அவள் திருத்துவாள். விருந்தாளிகள் முன்னாலும் திருத்துவாள். இருபத்திரண்டு வருடம் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

தை மாதம் பெரம்பலூரில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தாள். மயக்கம் தெளிந்து வந்தவள் பழைய ஆள் இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று நிற்பாள். ஒன்பதாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. வாயோரம் எச்சில் காய்ந்திருக்கும். எனக்குக் குமட்டும்.

டாக்டரம்மா விளக்கினார். "மயக்க மருந்துக்கு அப்புறம் சிலருக்கு மறதி வரும். மனச்சோர்வும் இருந்தா அதிகமா வரும், நாளும் இழுக்கும். மாத்திரையை விட்டுடாதீங்க. தினமும் பயிற்சி குடுங்க. சரியாச் சொன்னா பாராட்டுங்க."

பயிற்சி எளிது. தாம்பாளத்தில் ஐந்து பொருட்கள் வைக்க வேண்டும். அவள் பார்த்ததும் துண்டால் மூட வேண்டும். சற்று நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு அவள் ஐந்தையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் ஐந்தையும் சொன்னாள். "ஏங்க, ஜூன்ல ஸ்கூலுக்குப் போயிடுவேன் போலிருக்கே" என்று சிரித்தாள். பல்லில் கீரை ஒட்டியிருந்தது.

மறுநாள் அவள் சுவர்ப் பக்கம் திரும்பியதும் பூட்டை எடுத்துவிட்டுக் கரண்டியை வைத்தேன்.

"பூட்டு இருந்துச்சுங்க."

"எங்க இருக்கு? நீயே பாரு."

கரண்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு உடம்பு லேசானது.

பிறகு தினமும் ஒரு பொருள். சில நாள் இரண்டு. நான் அடிக்கவில்லை. அதட்டவில்லை. "பரவாயில்ல, நாளைக்குப் பாக்கலாம்" என்றுதான் சொன்னேன். இனி மாத்திரை எதற்கு என்று அவளே விட்டுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

சித்திரையில் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினாள். என்ன தேதி என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னதை அப்படியே போட்டாள். அன்று தேதி வேறு.

அதன்பின் பேச்சு நின்றது. சாப்பாடு குறைந்தது. பாயிலேயே எல்லாம் போனாள். நாற்றம் தாங்காமல் அறைக்கதவைச் சாத்திவைத்தேன்.

பாடாலூரிலிருந்து அவள் தங்கை ஜெயசித்ரா வந்து கதவைத் திறந்தாள். படுத்தே கிடந்தவளின் முதுகுப் புண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. "மாடு படுத்துக்கிட்டாக்கூட ஒரு குடம் தண்ணி ஊத்துவாங்களே மாமா. நீயெல்லாம் மனுசனா?" என்றாள். பிறகு வாசலில் போய் வாந்தியெடுத்தாள். அதை நான்தான் கழுவிவிட்டேன்.

தாம்பாளத்தில் பொருட்களை மாற்றியது என் மனைவிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்த ஸ்டேஷனில் நீங்கள் ஒருவர்தான் மரியாதையாகக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

வைத்தியம் பார்த்தால் வெற்றிச்செல்விக்கு நினைவு திரும்பும், நாளாகும் என்கிறார் டாக்டரம்மா. திரும்பட்டும். நான் சொன்னதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அய்யா. கட்டிய புருஷன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையும் போய்விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?