எடுத்தது ஒன்று, அழித்தது ஒன்று

“நாம எடுக்கற வரைக்கும் மெயிலு எங்கடி இருக்கும்?” என்று ஷாலினி ஒருமுறை என்னைக் கேட்டாள்.

நல்ல கேள்வி. பலரும் கேட்பதில்லை. மேசைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினேன். “இதுக்குள்ளயா? எலி கடிச்சிட்டா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் சிரிப்பது குறைவு என்பதால் அந்த நாள் நினைவிருக்கிறது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொளஞ்சியப்பன் சாருடைய கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவள். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னாலே எனக்குக் கண்ணீர் வந்துவிடும். கடையில் அந்தத் தொல்லை இல்லை. கறுப்புப் பெட்டியில் லினக்ஸ் ஓடுகிறது. அதில் ஒரு மெயில் சர்வர். வரும் கடிதங்களை வாங்கி, ஆளுக்கொரு பெட்டியில் போட்டு, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். கல்வராயன் மலையிலிருந்து கல்லூரிக்கு விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளுக்குச் சொந்தமாக மெயில் இருக்காது. மேலே டவரும் சரியாகக் கிடைக்காது. கடையிலேயே ஒரு முகவரி போட்டுக் கொடுப்போம். போன் நம்பரும் கடையுடையதுதான். கடிதம் வந்தால் அச்சடித்து வைப்பேன். சனிக்கிழமை பஸ்ஸில் இறங்கி வந்து வாங்கிப் போவார்கள்.

சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சார் ஒருமுறை செய்ததைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். மீதியை அதன் கையேட்டை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். “இது வாயத் தொறக்காது. ஆனா சர்வரு இது சொன்னாத்தான் கேக்குது” என்று வருகிறவர்களிடம் சொல்வார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

கடிதத்தை எடுத்த பிறகு சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைப்பதா, அழித்துவிடுவதா என்று ஒவ்வொரு பெட்டிக்கும் சொல்லிவைக்க வேண்டும். விட்டுவைப்பதுதான் கடையின் வழக்கம். காகிதம் தொலைந்தால் மறுபடி அச்சடிக்கலாம்.

ஷாலினிக்கு வெள்ளிமலைப் பக்கம். நர்சிங் கல்லூரி ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தாள். மலைப் பிள்ளைகளுக்கு அங்கே விடுதியும் சாப்பாடும் இலவசம். அதை விட்டால் வேறு வழியில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சனியும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கோடு வருவாள். “எனக்கு எதனா வந்துக்குதாடி செவ்வந்தி?” இல்லை என்றாலும் உடனே போகமாட்டாள். நாலு மணி பஸ் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். என்னிடம் அப்படிப் பேசுகிறவர் வேறு யாரும் இல்லை.

“சீட்டு மட்டும் கெடைக்கட்டும், அப்புறம் இந்தக் கடப்பக்கமே தலவெச்சிப் படுக்கமாட்டேன்” என்று ஒருநாள் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. தேர்வாகியிருந்தாள். ஏழு நாளைக்குள் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். இரண்டு முறை படித்தேன். சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. பிறகு, எடுத்ததும் அழிக்கும்படி அவள் பெட்டியை மாற்றிவிட்டு, கடிதத்தை எடுத்தேன். அச்சடிக்கவில்லை.

மலையிலிருந்து அதே கல்லூரிக்கு இன்னும் நான்கு பேர் எழுதியிருந்தார்கள். தனக்கு மட்டும் வரவில்லை என்றால் ஷாலினியின் மனம் உடைந்துபோகும். ஆகவே அந்த நான்கு பெட்டிகளையும் அதேபோல் மாற்றி, அவற்றுக்கு வந்திருந்த கடிதங்களையும் எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் வந்தபோது இன்னும் மூன்று நாள் மீதி இருந்தது. “எதனா வந்துக்குதாடி?” என்றாள். இல்லை என்றேன். கிழங்கைப் பிட்டுக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன். “ஒன்னாண்ட வந்து குந்தினாத்தான் மனசு லேசாவுது” என்றாள்.

அதன் பிறகும் நான்கு சனிக்கிழமை வந்தாள். அந்த நால்வரில் ஒருத்தியான கலையரசியின் அம்மாவும் ஒருநாள் வந்தார். நான் தலை குனிந்திருந்ததைப் பார்த்து, “நீ ஏம்மா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்க? ஒன் மேல இன்னா தப்பு, எங்க தலயெழுத்து” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் சாப்பிடவில்லை. அதைத் தண்டனை என்று வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் ஷாலினி திங்கட்கிழமையே வந்தாள். நேராகக் கல்லூரிக்கே போய்க் கேட்டிருக்கிறாள். அனுப்பிய கடிதத்தை அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

“அனுப்பிட்டோம்ன்றாங்க சார். நான் போவலன்னு சீட்ட வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க.”

“நம்ம சர்வருக்கு வந்திருந்தா லாக்ல இருக்கும்” என்றார் சார். “செவ்வந்தி, அதத் தொறம்மா.”

லாக் என்பது சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவு. அதை அழிக்க எனக்குத் தெரியும். ஏன் அழிக்கவில்லை என்று தெரியவில்லை. திறந்து, வரியைத் தேடி, வாய்விட்டுப் படித்தேன். தேதி. நேரம். ஷாலினியின் பெட்டி. என் மேசைக் கம்ப்யூட்டர். எடுத்தது ஒன்று, அழித்தது ஒன்று. அதற்குக் கீழே அதேபோல் இன்னும் நான்கு வரிகள்.

“இன்னாம்மா இது?” என்றார் சார்.

“நான்தான் சார். அஞ்சும் நான்தான்.”

ஷாலினி என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கினால் புரிந்துகொள்வாள் என்று தோன்றியது.

“ஒனக்குக் கெடுதல் நெனச்சி செய்யலடி. நீ வந்துக்கினு இருக்கணும்னுதான்” என்றேன். “வர்ற சனிக்கிழம வருவல்ல?”

அவள் கல்லூரிக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.