அட்டை கடிக்காத ரிப்போர்ட்

மழையில் பஸ் கிழக்கேகோட்டை ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது. முன் சீட்டில் இரண்டு கல்லூரி ஆசிரியைகள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டு நான் செல்போனை உள்ளே வைத்தேன்.

"அட்டை கடிச்சுதுன்னு எழுதினவாளுக்குத்தான் மார்க் போட்டேன், கேட்டியா?"

"அதென்னடி கணக்கு?"

"அனுபவக் கல்வின்னு பிள்ளைகளைக் கல்லாறு காட்டுக்குக் கூட்டிண்டு போனேன் அல்லே? எல்லார் கால்லயும் அட்டைக்கடி. ரிப்போர்ட்டை மட்டும் ஏஐ எழுதிக் குடுத்திருக்கு. அருவி, தென்றல், மனநிறைவு. ஒருத்தரையும் அட்டை கடிக்கலை! திருப்பிக் குடுத்துட்டேன். மறுநாள் கையால எழுதிண்டு வந்தா. யார் அலறினா, அட்டை மேல போட யார் உப்பு தந்தான்னு, படிக்க நல்ல ரசமா இருந்தது."

"நம்ம காலேஜ் ஏஐ கமிட்டித் தலைவரும் கூட வந்தாரே?"

"அவருக்கு மூணு கடி. அவர் ரிப்போர்ட்டுலயும் அருவி, தென்றல்தான். அதையும் திருப்பி அனுப்பிட்டேன்."