மீட்டருக்கு ஒரு பிடி கரி

பெரிய மனிதர்கள் வந்தால் கண்ணாடித் தம்ளரில்தான் தண்ணீர் கொடுப்பேன். எவர்சில்வரில் தெளிவு தெரியாது. பழைய தொழிற்சாலை ஒன்று, இரும்புச் சாமான் கழுவிய ரசாயனத்தை மண்ணுக்குள் விட்டுவிட்டு மூடிக்கொண்டு போய்விட்டது. அந்த நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தப்படுத்தும் நிலையத்துக்கு நான் மேலாளர். வந்தவர்கள் ஒரு வாய் குடிப்பார்கள், கைதட்டுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

தண்ணீரிலிருந்து பிரிந்த விஷம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. காற்றை ஊதித்தான் பிரிக்கிறோம், காற்றோடு போகிறது. அந்தக் காற்றைக் கரிப் பீப்பாய் வழியாக விட்டால் கரி விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்டிவேட்டட் கார்பன் என்று சொன்னால் ஒரு மரியாதை, பார்க்க அடுப்புக்கரிதான். அதற்கும் வயிறு நிறையும். நிறைந்தால் மாற்ற வேண்டும், மாற்ற நிலையத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு, ‘இடைவிடாது இயங்கும் முன்மாதிரி நிலையம்’ என்று வாசலில் மாட்டிய பலகையை என்ன செய்வது?

ஆகவே பீப்பாய்க் கரியை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு, வெளியேறும் காற்றில் விஷம் எவ்வளவு என்று அளக்கும் மீட்டருக்குப் புகைபோக்கியிலிருந்து போகும் சின்னக் குழாயில் மட்டும் ஒரு பிடி புதுக்கரியை அடைத்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது. நிலையத்திலேயே நல்ல காற்றைச் சுவாசித்தது அது ஒன்றுதான்.

மதிலை ஒட்டிய வீட்டில் ஒரு தையல்காரி, தனி ஆள். தலை சுற்றுகிறது, இனிப்பாக ஒரு வாடை வருகிறது, வீட்டைக் காலி பண்ணப்போகிறேன் என்று வந்து நின்றாள். விருந்தாளிகள் வரும் சமயம். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நானே கூட்டிப்போய் மீட்டரைக் காட்டினேன்.

“உன் மூக்கு பெருசா, மெஷின் பெருசாம்மா?”

“நீங்க சொன்னா சரிதாண்ணே. கட்டின மூட்டையப் பிரிச்சிடறேன்.”

பிரித்தாள். சில மாதங்களில் கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். எத்தனை மேலாளர்கள் போவார்கள்? அக்கம்பக்கத்தில் ரசாயன வாடை உண்டா என்று டாக்டர் கேட்டாராம்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, அண்ணன் அளந்தே காட்டிட்டாருன்னு சொல்லிட்டேண்ணே.”

நான் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டாள். மறுவாரம் போய்விட்டாள்.

குழாயில் கரியை அடைத்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: கடைசிவரை அவளுக்கு என் மேல் ஒரு குறையும் இல்லை. செத்தவளுக்கே இல்லாத குறை உங்களுக்கு எதற்கு?