வேன் கூடை

அனுமார் வாலுல்ல நிக்கிது! இது வரிசையா? பொங்கலுக்கு இலவச வேட்டி குடுக்குற எடத்துல கூட இம்புட்டுக் கூட்டம் இருக்காது, அண்ணாச்சி. நீங்க எனக்குப் பின்னாடிதான? நில்லுங்க, நில்லுங்க. அந்தா அந்தச் செவத்த சட்டைக்காரரை மட்டும் நடுவுல விட்டுறாதீக. செருப்பத் தேச்சுத் தேச்சு முன்னாடி வாராரு பாருங்க... ஏ சார், வரிசை அங்கன இருந்து ஆரம்பிக்கிது!

போன வருசம் இந்நேரம் இந்த ஏழாயிரம்பண்ணை விலக்குல யாரு இருப்பாங்கிறீக? நானு, ரெண்டு வெள்ளாடு, பரோட்டாக் கல்லுக்கு முன்னாடி கடைக்காரரு பெத்தணன் அண்ணன். அம்புட்டுத்தான். ஒரு பெஞ்சில ஒக்காந்து, இன்னொரு பெஞ்சில காலை நீட்டிக்கிட்டு, அவுக சம்சாரம் நாகஜோதி அக்காகிட்ட ஊர்வம்பு பேசிக்கிட்டே எண்ணெய்ப் பரோட்டாவைப் பிச்சுப் போட்டுச் சால்னாவுல முக்கித் தின்பேன். இன்னிக்கு அந்தப் பெஞ்சில மதுரைக்காரக ஒக்காந்து பரோட்டாவப் போட்டோ எடுக்காக. ஆறிப் போகுதேய்யா, தின்னுங்கய்யா!

எல்லாம் ஒருத்தன் செஞ்ச வேலை. எவனோ ஒரு கிறுக்குப் பய இந்தக் கடைய இன்டர்நெட்ல எழுதித் தொலைச்சுட்டான்.

...யாரா? மெதுவாக் கேளுங்க அண்ணாச்சி, அக்கா கையில கரண்டி இருக்கு. நாந்தான்.

சிரிக்காதீக. நமக்குச் சிவகாசியில காலண்டர் கம்பெனி வேலை. மாரிக்கண்ணன்னு பேரு. ஊருக்கெல்லாம் டிசம்பர்லதான் வருசம் முடியும், எங்களுக்கு ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருசம் பொறந்துரும். ஆல்பத்தத் தூக்கிக்கிட்டு ஆர்டர் எடுக்கக் கெளம்பிருவாக. தினசரித் தாள்ல அடியில ஒரு பொன்மொழி இருக்கும்ல? 'கோபத்தை அடக்கினால் குடும்பம் சிறக்கும்', அந்த மாதிரி? அது ஐயா எழுதுறது! எவனாவது படிக்கானா? கிழிக்கான், காதக் கொடையுறான், தூரப் போடுறான். எங்க வீட்டுலயே என் பொன்மொழியில விபூதி மடிச்சு வச்சுருக்கு.

அந்த வயித்தெரிச்சல்லதான் ப்ளாக் ஆரம்பிச்சேன். 'கந்தகக் காத்து'ன்னு பேரு. இந்தக் காலத்துல ப்ளாக்க எவன் படிக்காங்கிறீக? எவனும் படிக்கல! எம் மச்சினன் ஜெயச்சந்திரன் ஒருத்தன் மட்டும் 'சூப்பர் அத்தான்'னு கமெண்ட் போடுவான். நான் போட்டுக் கையெடுக்குறதுக்குள்ள போடுவான். பய, படிக்காமலே சூப்பர்!

வருசக் கடைசியில மட்டும் ஒண்ணு எழுதுவேன். எழுத்தப் பத்தி நாலு வார்த்தை பொலம்பிட்டு, 'இந்த வருசம் நம்ம பக்கத்துல எனக்குப் பிடிச்ச பத்து'ன்னு போடுறது. வெம்பக்கோட்டை அணையப் போட்டேன். தண்ணி இருந்தா குளியலு, தண்ணி இல்லாட்டி கிரிக்கெட்டு, எப்படிப் பாத்தாலும் நமக்கு லாபம்னு. எவனும் சீண்டல. மல்லாங்கிணறுல ஒரு வேப்பமரம், அந்த நெழலுக்காகவே நான் வந்த பஸ்ஸ விட்டுருக்கேன், அதையும் எழுதுனேன். எவனும் சீண்டல. விருதுநகர்ல மே மாசம் எந்த ஏடிஎம்ல ஏசி நல்லா ஓடுதுன்னு எழுதுனேன் பாருங்க... அதுக்கு மட்டும் ரெண்டு லைக்கு. ரெண்டாவது லைக்கு நான் போட்டது.

போன வருசம் பத்தாவதா இந்தக் கடை. அண்ணாச்சி, சரவெடி மாதிரி பிடிச்சுக்கிச்சு! எவன் எவனோ ஷேர் பண்ணுனான். சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தரு 'கண்ணுல தண்ணி வந்துருச்சு'ன்னு எழுதுறாரு. எனக்கும் வந்துச்சு, பொய் சொல்லல. அன்னிக்கு ராத்திரி பூரா போனத் தேச்சுக்கிட்டே கெடந்தேன்.

பரோட்டாவ மட்டும் எழுதியிருந்தா அதோட போயிருக்கும். கை சும்மா இருந்துச்சா? கூடையவும் எழுதிட்டேன்.

அந்தா, அடுப்புக்குப் பக்கத்துல துணி போட்டு மூடிருக்குல, ஓலைக்கூடை. தெரியுதா? இந்தப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி வேன் பொழுதடையக்குள்ள இங்கன நிக்கும். பொம்பளையாளுக எறங்கி வீட்டுல கெடக்குற பிள்ளைகளுக்குப் பார்சல் வாங்குவாக. டிரைவரு ரொம்ப நேரமா நிப்பான்? ஆரன அடிச்சே கொன்னுருவான். அதனால அக்கா என்ன செய்யும்னா, மொத எண்ணெயில போடுற பரோட்டாவயெல்லாம் கூடையில அடுக்கி, சால்னாவக் கட்டி ஓரமா வச்சுட்டுத்தான் மத்தவகளுக்கே வியாபாரம். வேன் கூடைன்னு பேரு. எழுதியா ஒட்டியிருக்கு? ஒண்ணும் கெடையாது. ஆனா உள்ளூர்க்காரன் எவனும் அதத் தொடமாட்டான். குடிச்சுட்டு வாரவன் கூடத் தொடமாட்டான்.

நான் என்ன எழுதுனேன்? 'இந்தக் கடைக்குப் போனால் பரோட்டா கேட்காதீர்கள், வேன் கூடையைக் கேளுங்கள். முதல் எண்ணெயில் வெந்தது, பிள்ளைப் பசி தெரிந்து மடித்தது.' எப்படி! எழுதி முடிச்சதும் எனக்கே புல்லரிச்சுப் போச்சு, அண்ணாச்சி.

மக்க கெளம்பி வந்துட்டாக. காரு காரா வந்து, 'எங்களுக்கு அந்த வேன் கூடை'ங்காக. பெத்தணன் அண்ணன் இருக்காரே, வெளியூர்க்காரக வந்து நின்னா இல்லைன்னு சொல்ல வாய் வராது. அக்கா அந்தப் பக்கம் திரும்புனா இவரு கூடையத் தூக்கிக் குடுத்துருவாரு. வேன் வரும்போது வெறும் துணிதான் கெடக்கும்.

சரி, அந்த வேன்ல யாரு வாராங்கிறீக? எம் பொண்டாட்டி! வேல்விழி. பாக்கிங் செக்சன். வேன்ல அவளுக்கு இப்பப் பேரே 'எழுத்தாளர் சம்சாரம்'. எவளும் தள்ளி ஒக்காந்து எடம் குடுக்குறதில்ல. இருளம்மா மதினின்னு ஒருத்தக, ரெண்டு பிள்ளைக, புருசன் இல்ல. அவுக ஒரு நா கேட்டுட்டாகளாம், 'ஏத்தா, ஒம் புருசனுக்குப் பேரு கெடைக்க எம் பிள்ளைகதான் பசியாக் கெடக்கணுமா?'ன்னு. இவ வந்து சொன்னா. எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. அன்னிக்குச் சோறு எறங்கல.

எறங்குனாலும் கொழம்பு கெடையாது, அது வேற கதை. ஒரு மாசமா எனக்கு வெறுஞ்சோறுதான். கொழம்பு கேட்டா, 'ஒங்க ப்ளாக்க ஊத்திப் பெசஞ்சுக்கோங்க'ங்கிறா!

இன்னிக்குக் காலையில தீத்துச் சொல்லிட்டா. 'கூடையப் பத்தி எழுதுன அந்தப் பதிவ அழிங்க. அழிச்சுட்டு, நீங்களே போயி வரிசையில நின்னு கூடைய வாங்கி, இருளம்மா மதினி கையில குடுங்க. வேன்ல வார அம்புட்டுப் பேரும் பாக்கணும். இல்லைன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்.' ஏழாயிரம்பண்ணைக்காரி அண்ணாச்சி, சொன்னாச் செய்வா. நானும் சரிம்மான்னுட்டேன். தப்பு என் மேலதான, வாங்கிக் குடுத்துட்டுப் போறேன். முன்னாடி நாலு பேருதான், கூடையும் இன்னும் இருக்கு, வேன் வார நேரமும் ஆச்சு. எல்லாம் சரியா இருக்கு.

அழிக்கறதுதான்... இந்தா பாருங்க போன. 'நிச்சயமாக நீக்கவா?'ன்னு மத்தியானத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கு. அதுக்கென்ன, அது மெசினு. பெத்த பிள்ளைய நீக்கவான்னா... சரி சரி, அமுக்கிருவேன். அமுக்கித்தான ஆகணும்.

ஆமா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க எந்தூரு அண்ணாச்சி? ...கோயில்பட்டியா? அங்கன இருந்து பரோட்டாவுக்குன்னே வந்தீகளா? யாரு சொல்லி வந்தீக?

...என்னது?

...எந்தக் காத்து?

சார்! சார், நீங்க படிச்சுருக்கீகளா? மொதல்லயே சொல்லக்கூடாதா சார்! முழுசாப் படிச்சீகளா, இல்ல நடுவுல... அணை? அணையுமா? ஐயோ, வேப்பமரம் கூடவா! சார், கையக் குடுங்க. இந்தக் கையக் குடுங்க. ரெண்டு கையவும் குடுங்க. அதுல எந்த வரி சார் பிடிச்சது? ...சொல்லுங்க, கூச்சப்படாமச் சொல்லுங்க.

...'பிள்ளைப் பசி தெரிந்து மடித்தது'.

மனப்பாடமாச் சொல்லுறாரே! பெத்தணண்ணே, கேட்டீகளா, மனப்பாடமாச் சொல்லுறாரு! இத எப்படிய்யா அழிக்கறது? இந்தா... 'வேண்டாம்'. அமுக்கியாச்சு. பாத்தீகளா சார்? ஒங்களுக்காகத்தான்.

நம்ம மொறை வந்துருச்சு. நீங்க முன்னாடி வாங்க. அட வாங்க சார். வேன் கூடையச் சாப்பிடத்தான வந்தீக? ...கதையெல்லாம் கேட்டப்புறம் மனசு ஒப்பலையா? அது கெடக்கு சார், வேனுக்கு ஏதாவது பாத்துக்கிரலாம், பத்து நிமிசத்துல அடுத்த எண்ணெய் காஞ்சுரும். படிச்சுட்டுத் தேடி வந்த மனுசன வெறுங்கையோட அனுப்புனா நான் என்ன எழுத்தாளன்? அக்கா, கூடையச் சாருக்குக் குடுங்க. என்ன மொறைக்கீக? நம்ம வாசகரு, அக்கா! பெத்தணண்ணே, நீங்க எடுங்க. பூராத்தையும் போடுங்க. வாங்குங்க சார், நீங்க வாங்கலைன்னா எனக்கு வருத்தமாப் போயிரும். ஆங்... அப்படி. சால்னாவச் சாய்க்காமப் பிடிங்க.

இப்பச் சொல்லுங்க, அந்த வேப்பமரத்தப் பத்தி எழுதியிருந்தேன்ல, அதுல ரெண்டாவது பத்தி...

...என்ன ஆரன் சத்தம்?

ஐயோ. வேன்.

அதுக்குள்ள வந்துட்டானே பாவி! அந்தா இருளம்மா மதினி எறங்குறாக. பின்னாடியே வேல்விழி... சார், எம் பொண்டாட்டி சிரிக்கிறா சார். ஒரு மாசங்கழிச்சு இன்னிக்குத்தான் சிரிக்கிறா. நான் முன்னாடி நிக்கிறதப் பாத்துட்டு, வாங்கிட்டேன்னு நெனச்சுச் சிரிக்கிறா. மதினிகிட்டக் கையக் காட்டி வேற சொல்லுறா. சார், ஒரு நிமிசம், அந்தப் பார்சலு... பாதியாவது... சார்? எங்க போறீக? அந்த வெள்ளைக் காரு ஒங்களுதா? நில்லுங்க சார்! அக்கா, அந்தக் கரண்டியக் கீழ வைங்க, பேசிக்கிரலாம்... வேலு, வந்துட்டியா, நான் சொல்லுறத மொதல்லக் கேளு... சார்! கதவச் சாத்தாதீக சார்!

கெளம்பிட்டாரே! சார்ர்... போறதுதான் போறீக, ஒரு கமெண்டாவது போட்டுருங்க சார்!